உங்கள் வண்டியும் என் நல்லெண்ணெயும்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய உங்களுக்கு,

நலமா என்று கேட்டு எழுத முடியாது. ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீங்கள் போய்ப் பதினோரு மாதம் முடிந்துவிட்டது. வருஷத் திதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மயூர் விஹார் வீட்டில் எல்லாம் நீங்கள் வைத்த இடத்தில் வைத்தபடிதான் இருக்கிறது. உங்கள் மோட்டார் சைக்கிள் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதை உங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். நீங்கள்தான் பதில் பேச மாட்டீர்களே. அதனால் ஊரறியத்தான் எழுதுகிறேன். உங்கள் தம்பிகள் இரண்டு பேரும் படிக்கட்டும், முன்னால் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நம்மோடு இருந்தவர்கள் படிக்கட்டும், தெரியாதவர்களும் படிக்கட்டும். எனக்கு இப்போது மானம் மரியாதை பார்க்கிற நிலை இல்லை.

போன மாதம் நம் குடியிருப்பு சொசைட்டி செயலாளர் குப்தாஜி ஒரு காகிதத்தோடு வந்தார். பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி எதுவும் டெல்லி ரோட்டில் ஓடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஓடாமல் பார்க்கிங்கில் நிற்கிற வண்டிகளையும் இனிமேல் வைத்திருக்கப் போவதில்லையாம். அடுத்த மாதம் முதல் தேதி பழைய இரும்புக்காரனின் வண்டி வரும், சம்மதம் என்று ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். நீங்கள் இருந்திருந்தால் அவரைப் படியேற விட்டிருக்க மாட்டீர்கள். நான் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். போடும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அது என்ன பாரம் என்று அந்த நிமிஷம் என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே புனேயில் இருக்கும் நம் பிள்ளை சங்கரனுக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா வண்டியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றேன்.

"போகட்டும்மா. நான் கெடுத்த சாமான்தான. இருந்து என்ன செய்யப் போவுது?"

நான் கெடுத்த சாமான் என்றான். பன்னிரண்டு வருஷமாக நான் கெடுக்கவில்லை, நான் கெடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது யாரும் கேட்காமலே தான் கெடுத்ததாகச் சொல்கிறான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெயரென்ன என்று கேட்டால் பெயரைச் சொல்வது போலச் சொன்னான். அதோடு திதிக்கு வருவது சந்தேகம், அங்கேயே ஏதாவது கோயிலில் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் பதின்மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். நீங்கள் அப்போது குவாஹாட்டியில் இருந்தீர்கள். இரண்டு வருஷ மாற்றல். இங்கே நானும் சங்கரனும் மட்டும். அவன் காலேஜில் கடைசி வருஷம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் உங்களைக் கேட்காமல் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மேம்பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போய், எல்லாவற்றையும் கழற்றி உலர்த்தி, மறுபடி ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். மறைக்கவும் இல்லை. அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்து தானே சொன்னான். நீங்கள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் போன் என் கைக்கு வந்தது.

"ஏளா, இனிமே அவன் வண்டியத் தொடக்கூடாது. நீ பாத்துக்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் விவரமாகச் சொன்னீர்கள். பெட்ரோலை அடைத்துவிட வேண்டும். அவ்வப்போது எஞ்சின் தலையில் இருக்கிற பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கிக்கரை மெல்ல நாலு தடவை மிதித்துவிட்டு, திரும்ப மூடிவிட வேண்டும். அப்படிச் செய்தால் எத்தனை வருஷம் நின்றாலும் எஞ்சின் உள்ளே துரு பிடிக்காது. உங்கள் ஸ்பானரையும் பாதி எண்ணெய் இருந்த டப்பாவையும் அலமாரியில் எந்தத் தட்டில் வைத்திருக்கிறீர்கள் என்பது வரைக்கும் சொன்னீர்கள். ஆபீஸில் ஃபைல் கட்டுகிறவளுக்குப் பிளக் கழற்றத் தெரியாதா? இரண்டாவது வாரத்திலேயே கை பழகிவிட்டது.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்தது. இனிமேல் சொல்லப் போவது தெரியாது.

கார்த்திகை மாதக் கடைசியில் அந்த டப்பா தீர்ந்துபோனது. வாங்கியிருக்கலாம். பால் பூத்துக்குப் பக்கத்திலேயே கடை இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் சங்கரன்கோயிலிலிருந்து உங்கள் அக்கா நல்லெண்ணெய் டின் அனுப்பியிருந்தார்கள். கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெய். டின்னைத் திறந்ததும் வீடு முழுக்க மணந்தது. உங்கள் தலைக்கு நான் சனிக்கிழமை சனிக்கிழமை வைத்துவிடுகிற எண்ணெய். குவாஹாட்டியில் உங்களுக்கு யார் வைத்துவிடுவார்கள்? ஒரு வருஷமாகச் சனிக்கிழமை எனக்குச் சனிக்கிழமை மாதிரியே இல்லை.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு வைக்க முடியவில்லை, உங்கள் வண்டிக்காவது வைப்போம் என்று எனக்குத் தோன்றியது. உடம்புக்கு ஆகிற எண்ணெய் இரும்புக்கு ஆகாதா, கடையில் விற்கிற அந்தக் கறுப்பு எண்ணெயைவிட இது எவ்வளவோ உசத்தி என்றுதான் நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை காலையில் கரண்டியில் எண்ணெயை எடுத்து, லேசாகச் சூடு காட்டி, பிளக் ஓட்டை வழியாக விட்டேன். மிளகு ஒன்றுதான் போடவில்லை.

ஹோலி வரைக்கும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. பனி மூடி எதிர் பிளாக் தெரியாத காலையில்கூட ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு கரண்டியோடு வெளியே வருவேன். வண்டியோடு இரண்டு வார்த்தை பேசவும் செய்வேன். பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

மார்ச்சில் ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கிற வேலை வந்தது. வண்டியை மறந்தேன். அப்புறம் வெயில். மே, ஜூன் மாத வெயில் வண்டி நிற்கிற தகரக் கூரைக்கடியில் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? ஜூலையில் ஒரு நாள் நினைவு வந்து போய் மிதித்துப் பார்த்தேன். கிக்கர் இறங்கவில்லை. என் பலம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு நீங்கள் லீவில் வந்தீர்கள். பெட்டியை வைத்ததும் வண்டியைத்தான் பார்க்கப் போனீர்கள். ஏறி நின்று மிதித்தும் கிக்கர் அசையவில்லை. திரும்பி உள்ளே வந்து நேராகச் சங்கரன் முன்னால் நின்றீர்கள்.

"தண்ணிக்குள்ள விட்டு எஞ்சின ஜாம் பண்ணிட்டியேல. நீ தொட்டது எதுவும் வெளங்காது."

அவன் இல்லையென்று சொன்னான். தண்ணீரில் போன பிறகு ஸ்டார்ட் ஆனதே, ஓட்டிக்கொண்டுதானே வந்தேன், அம்மாவிடம் கேளுங்கள் என்றான். நீங்கள் என் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள். நான் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், வண்டி விஷயமெல்லாம் எனக்கு என்ன தெரியும் என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பொய்கூட இல்லை என்று பல வருஷம் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சங்கரன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நேருக்கு நேர் நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தை மாதம் அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்தது, போய்விட்டான். கெடுத்தவனே வந்து சரி பண்ணட்டும் என்று நீங்கள் வண்டியை மெக்கானிக் கையில் கொடுக்கவில்லை. கெடுக்காதவன் எதற்குச் சரி பண்ண வேண்டும் என்று அவனும் தொடவில்லை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று நான் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை நீங்கள் என்னிடம் சொன்னீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அவன் என்னிடம் சொன்னான். நடுவில் நான் நல்லவளாக இருந்தேன். ஊரில் கல்யாண வீடுகளில் உங்கள் தம்பிகள் அவனை அப்பா வண்டியை முழுங்கினவன் என்று கேலி செய்வார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் எனக்கு நிச்சயமாகத் தெரியாது, சந்தேகம்தான். அப்புறம் சொல்வதற்கான நேரம் போய்விட்டது. அப்புறம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது, டாக்டர் அதிர்ச்சி எதுவும் கூடாது என்றார். இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய காரணம். உண்மையான காரணம் வேறு. உங்கள் கோபத்தைப் பார்த்தவள் நான். அது என் பக்கம் திரும்பாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. திரும்பாமல் இருப்பதற்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா, குப்தாஜியின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஏன் பாரம் குறைந்தது என்று? வண்டி போய்விட்டால் உள்ளே இருப்பதும் போய்விடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் அன்று போனில் சொன்னதைக் கேட்ட பிறகு, வண்டி போனால் அந்தப் பழி அவன் தலையிலேயே நிரந்தரமாக நின்றுவிடும் என்று பயம் வந்துவிட்டது. முதல் தேதிக்கு இருபது நாள் இருந்தது. மறுநாள் காலையில் சலீம் பாயைக் கூப்பிட்டேன். மெட்ரோ தூணுக்கு அடியில் கடை வைத்திருக்கிறாரே, இந்த வண்டி நின்ற பிறகு நீங்கள் ஓட்டிய ஸ்கூட்டரைக் கடைசியாகப் பழுது பார்த்தவர், அவர்தான்.

அப்போதும் எனக்கு உண்மையைச் சொல்கிற உத்தேசம் இல்லை. எஞ்சின் ஓடிவிட்டால் போதும். ஓடுகிற எஞ்சினைப் பற்றி யார் கெடுத்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? அப்படிப் போனது என் புத்தி.

வண்டியை ரோட்டில் இறக்கினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சலீம் பாய் நம் வீட்டிலேயே வேலை பார்க்கச் சம்மதித்தார். நாங்கள் இரண்டு பேருமாக அதைப் பின்பக்க வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். துளசித் தொட்டியை நகர்த்தினோம். தினமும் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வருவார்.

முதல் நாள் எஞ்சின் தலையைத் திறந்தார். உள்ளே பிஸ்டன் மேல் பழுப்பாக ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. திறந்த வேகத்தில் காறிப்போன எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. விளக்குத் தேய்க்காமல் விட்டால் அடியில் பிடித்துக்கொள்ளுமே, அதே பிசுக்கு.

சலீம் பாய் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"ஆண்டிஜி, யே தோ கானே வாலா தேல் ஹை. கிஸ்னே டாலா?"

இது சாப்பிடுகிற எண்ணெயாயிற்றே, யார் ஊற்றியது என்று கேட்கிறார். நான் தெரியாது என்றேன். வீட்டில் பையன் இருந்தானா என்றார். இருந்தான் என்றேன். பையன்கள் விளையாட்டாக இப்படித்தான் எதையாவது செய்து வைப்பார்கள் என்று அவராகவே சொல்லிக்கொண்டு, அது ஏதோ ஒரு தடவை கொஞ்சம் விட்டதாக இருக்கும், பிடித்திருப்பது மழைத்தண்ணீரின் துருதான் என்று முடிவு கட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் போன பிறகும், எதிரில் இருப்பது ஒரு மெக்கானிக் என்றபோதும், மறுபடியும் அவனையே கொடுத்தேன். என்ன ஜென்மம் நான்?

துருவுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. பிஸ்டன் மேல் டீசலை நிரப்பி ஊறவைத்தார். அவர் போன பிறகு வற்ற வற்ற நான் ஊற்றினேன். வெந்நீரைக் கொதிக்கவைத்துச் சிலிண்டரைச் சுற்றி ஊற்றச் சொன்னார், குக்கர் குக்கராக ஊற்றினேன். மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டச் சொன்னார், தட்டினேன். ஒரு நாள் குக்கர் சாய்ந்து இடது கை வெந்துபோனது. கட்டுப் போட்டுக்கொண்டு வலது கையால் தட்டினேன். சமையல் இல்லை, சாப்பாடு இல்லை. வீடு முழுக்க டீசல் வாடை. பஞ்சாபி அம்மாள் வந்து, பெஹன்ஜி, உனக்கு என்ன ஆயிற்று என்று கண் கலங்கக் கேட்டாள். அந்த இரும்பு மட்டும் எதற்கும் அசையவில்லை.

பதினான்காம் நாள் சலீம் பாய் சுத்தியைக் கீழே வைத்தார். இன்னும் தட்டினால் பிஸ்டன் உடையும், இரும்புக்காரன் வரட்டும், கொடுத்துவிடுங்கள் என்றார். கைகளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் வராந்தாவில் அந்த எஞ்சினுக்கு எதிரில் உட்கார்ந்து, உங்களைத் திட்டினேன். இத்தனை நாளில் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? அன்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போகட்டும் விடு என்று அவனிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் உங்களுக்கு? பிறகு எனக்கே கேட்டது, பழியை யார் மேல் போடுகிறேன் என்று. திரும்பவும் அதே வேலைதான்.

அப்போதுதான் சங்கரனுக்குப் போன் செய்தேன். மத்தியானம், அவன் ஆபீஸில் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். டின், கரண்டி, சனிக்கிழமை, முறுக்கு மாவு, சலீம் பாயிடம் சொன்னது, ஒன்றும் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எத்தன சனிக்கெழமம்மா?"

பதினாலு பதினைந்து இருக்கும் என்றேன். வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் நானே சலீம் பாய் கடைக்குப் போனேன். டயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஊற்றியது பையன் இல்லை, நான், ஒரு தடவை இல்லை, குளிர்காலம் முழுக்க, அதுவும் கருப்பட்டி போட்ட எண்ணெய் என்று சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் தட்டியிருக்கவே வேண்டாம் என்றார். துருவாக இருந்தால்தான் டீசலும் சுத்தியும். இது பிசுக்கு, இதற்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்றார்.

பிசுக்கு எப்படிப் போகும் என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேனா? எத்தனை வருஷமாக எண்ணெய் ஜாடி கழுவுகிறேன்? சலவைச் சோடாவைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும் என்றேன். அலுமினியம் கறுத்துப்போகுமே என்று அவர் தயங்கினார். கறுக்கட்டும் என்றேன். மூன்று தடவை ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்தில் வழித்து எடுத்தோம். பாகு மாதிரிப் பழுப்பாக வந்தது. நான்காவது தடவை அவர் கிக்கரைக் கையால் அழுத்தினார். பிஸ்டன் ஒரு நகக்கண் அளவு கீழே இறங்கியது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு வீட்டையே நிறுத்திவைத்த சங்கதி, ஐந்து நிமிஷம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நகர்ந்திருக்கும்.

புது பிஸ்டன் ரிங்குகளைச் சலீம் பாய் கரோல் பாக் கடைகளில் தேடி வாங்கிவந்தார். டாங்கைக் கழுவினார், கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார், புது பேட்டரி போட்டார். சங்கரனிடமிருந்து போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. நான்கு நாள் அப்படிப் போனது. ஒன்று சொல்கிறேன், நீங்கள் போன அன்றுகூட நான் இவ்வளவு தனியாக இல்லை. அன்று துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சனிக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. தோளில் ஒரு பையோடு சங்கரன் நின்றான். என்னைப் பார்க்கவில்லை, என் இடது கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வராந்தாவுக்குப் போனான். சலீம் பாயோடு சேர்ந்து எஞ்சின் தலையை வைத்து, ஒவ்வொரு நட்டாக முறுக்கினான். அவர்கள் ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. இட்லி வைத்தேன், தொடவில்லை.

பத்தரை மணி இருக்கும். சலீம் பாய் ஒதுங்கி நின்று அவனுக்குக் கையைக் காட்டினார். அவன் ஏறி நின்று மிதித்தான். இறங்கியது. மறுபடி மிதித்தான். ஏழெட்டு முறை ஒன்றும் இல்லை. அடுத்த மிதியில் வெள்ளையாகப் புகையைக் கக்கிக்கொண்டு உங்கள் வண்டி ஓட ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். சலீம் பாய் கண்களைத் துடைத்துக்கொண்டார், புகையாலோ என்னவோ.

நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டான். பிறகு அவனே அணைத்தான். சலீம் பாய் போகும்வரைக்கும் காத்திருந்து, வராந்தாப் படியில் உட்கார்ந்து, எஞ்சினைப் பார்த்தபடியே பேசினான்.

"கொள்ளிக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி, வீட்ல வச்சு, அப்பா காதுகிட்ட குனிஞ்சு மாஃபி கேட்டேம்மா. வண்டியக் கெடுத்துட்டேம்ப்பா, மன்னிச்சிருங்கன்னு. பன்னெண்டு வருஷத்துல, நான் செய்யலங்கறதே எனக்கு மறந்துபோச்சு."

அப்புறம் எழுந்து கை கழுவப் போனான்.

நான் அன்று உங்கள் கால்மாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் குனிந்தது எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அங்கேயாவது வாயைத் திறந்திருப்பேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது திதிக்கு வருவாயா என்று கேட்டேன். தெரியலம்மா, கொஞ்ச நாள் ஆகும் என்றான். என் கட்டை அவிழ்த்துப் பார்த்து, மருந்து போட்டு, புதுசாகக் கட்டிவிட்டுப் போனான். குப்தாஜியிடமிருந்து என் கையெழுத்தை நான் திருப்பி வாங்கிவிட்டேன். வண்டியை டெல்லிக்கு வெளியே கொண்டுபோக என்னென்ன காகிதம் வேண்டும் என்று சலீம் பாய் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் ஆகிறபோது ஆகட்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவன் கேட்ட மன்னிப்பு உங்கள் காதில் விழுந்ததா? விழுந்து, போகட்டும் என்று நீங்கள் மன்னித்தும் இருந்தால், கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிக்கிறதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. எனக்கும் அதைக் கொடுக்க வேண்டாம், நான் கேட்கவும் இல்லை. அவன் உங்கள் பிள்ளை, தொட்டதைச் சரியாகச் செய்கிறவன் என்று மட்டும் அங்கே இருந்தபடி ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

திதி அன்று, வாத்தியார் தர்ப்பையைக் கையில் எடுப்பதற்கு முன்னால், உங்கள் தம்பிகளையும் வந்திருக்கிற எல்லாரையும் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை நானே வாய்விட்டுப் படிப்பேன். சங்கரன் வந்தால் எதிரில் உட்கார்ந்து கேட்பான். வராவிட்டால் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படிப்பேன். அவன் எடுக்காவிட்டாலும் படிப்பேன். குரல் உடைந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படிப்பேன். ஒரு வரியையும் விட மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ஒரு தப்பும் செய்யாத சங்கரனின் அம்மா,
உங்கள் வீட்டுக்காரி
கோமதி